டப்பாவில் இல்லாத வாசனை

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து உலகமெங்கும் போகும் கூப்பர்ஸ் பீர் டப்பா ஒன்றின் எடை 1.7 கிலோ. உள்ளே இருப்பது கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும் கறுத்த மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு. அதை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, பெரிய பிளாஸ்டிக் வாளியில் 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, டப்பாவோடு வரும் ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினால் வேலை முடிந்தது. ஒரு வாரத்தில் புளித்துவிடும். புட்டிகளில் அடைத்து இன்னும் சில வாரம் விட்டுவைத்தால் பீர். கசப்புக்கு வேண்டிய ஹாப்ஸ் அந்தப் பாகிலேயே கலந்திருக்கிறது. செய்பவர் ஹாப்ஸைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டியதில்லை. டப்பா வந்ததே அதற்காகத்தான்.

ஆனால் லண்டனிலோ மெல்பர்னிலோ டப்பா பீர் போடும் ஆளின் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கும். பச்சைப் பட்டாணிப் பைக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே, வாயை மடித்துக் கிளிப் போட்ட வெள்ளி நிறப் பொட்டலங்கள் கிடக்கும். எல்லாம் மீந்த ஹாப்ஸ். கடையில் 100 கிராமாக விற்கிறார்கள். ஒரு வாளிக்கு 30 கிராம் போதும். பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. ஹாப்ஸுக்கு வீட்டில் வேலையே வேண்டாம் என்று வந்த டப்பா, அதே ஹாப்ஸை மிச்சம் மீதியாகத் திரும்பக் கூட்டிவந்தது எப்படி? விடை தேடினால் வரிச் சட்டம், மதுவிலக்கு, வியாபாரியின் மாதிரிப் பொட்டலம் என்று பல சந்துகளில் நுழைந்து வர வேண்டியிருக்கிறது.

ஹாப்ஸ் ஒரு கொடி. தாவரவியல்படி கஞ்சாச் செடியின் குடும்பம். ஆனால் அந்தப் போதை இதில் கிடையாது. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பீருக்கு வேண்டியது பெண் கொடியில் பூக்கும் கூம்பு வடிவப் பூ மட்டுமே. கூம்பின் இதழை விலக்கினால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லுபுலின் என்பது அதுதான். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். எலுமிச்சை, புல், பைன் மரப் பிசின், மிளகு என்று வகைக்கு ஒரு வாசனை வரும். அந்தத் தூளில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, ஆல்ஃபா அமிலங்கள்: ஒரு மணி நேரம் கொதித்தால்தான் உருமாறி, கரைந்து, கசப்பைத் தரும், பீரைப் புளிக்க வைத்துக் கெடுக்கும் பாக்டீரியாக்களையும் தடுக்கும். இன்னொன்று, வாசனை எண்ணெய்கள்: கொதி வந்ததும் ஆவியோடு கிளம்பிவிடும். கசப்பு வேண்டுமென்றால் நெருப்பு வேண்டும். நெருப்பு வைத்தால் வாசனை போய்விடும். ஹாப்ஸின் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

ஐரோப்பியர்கள் முதலில் மயங்கியது வாசனைக்கு அல்ல. பிரான்சின் கோர்பி மடத்துத் தலைவர் அடால்ஹார்ட் 822இல் எழுதிவைத்த மடத்து விதிகளில் மால்ட்டோடு ஹாப்ஸும் பேசப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட், பானங்கள் கெடாமலிருக்க ஹாப்ஸின் கசப்பு உதவும் என்று தம் மூலிகை நூலில் குறித்தார். 1516இல் பவேரியப் பிரபுக்கள் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று ஆணையிட்டார்கள். ஸ்வீடன் அரசு இன்னும் ஒருபடி மேலே போனது. 1442ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு குடியானவரும் 40 கம்பம் நட்டு ஹாப்ஸ் கொடி ஏற்றியே ஆக வேண்டும் என்றது. வெளிநாட்டு ஹாப்ஸுக்குப் போகும் காசை உள்நாட்டிலேயே நிறுத்தும் ஏற்பாடு. அந்தக் கட்டாயம் 19ஆம் நூற்றாண்டுவரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. பயிரிட்டவர்கள் போன பிறகும் பழைய பண்ணைகளின் வேலியோரம் கொடி மட்டும் தானாகப் படர்ந்துகொண்டிருக்க, தாவர ஆய்வாளர்கள் அவற்றை அடையாளம் கண்டு சேகரித்து வருகிறார்கள்.

இங்கிலாந்துக்கு ஹாப்ஸ் தாமதமாகவே வந்தது. அங்கே அதுவரை குடித்தது ஹாப்ஸ் சேராத, சீக்கிரம் கெட்டுவிடும் ஏல். 1400 வாக்கில் நெதர்லாந்துப் பகுதி வணிகர்களும் குடியேறிகளும் ஹாப்ஸ் பீரைக் கொண்டுவந்தார்கள். 1574இல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற கெண்ட் மாவட்டக்காரர், ஹாப்ஸ் தோட்டம் போடுவது எப்படி என்று படங்களோடு ஒரு கையேடே எழுதினார். அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் கெண்ட், ஹாப்ஸின் மறுபெயராகிவிட்டது. செப்டம்பரில் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் பாத்திரம் பண்டம், கைக்குழந்தை சகிதம் பூ பறிக்க அங்கே போய்விடும். 1931இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் அந்தக் கூலிக் கூட்டத்தில் ஒருவராகப் போய்ப் பறித்திருக்கிறார்.

பறித்த பூவை அன்றே உலர்த்தியாக வேண்டும். கூம்புக் கூரையும் வெள்ளைக் குல்லாயுமாகக் கெண்டில் இன்றும் நிற்கும் ஓஸ்ட் வீடுகள் அதற்கான சூளைகள். கீழே நெருப்பு, மேலே துளைகள் விட்ட தளத்தில் பூ. நிறம் மங்காமலிருக்க நெருப்பில் கந்தகம் போடுவார்கள். உலர்ந்து ஆறியதும் மூட்டை கட்டும் வேலை. மாடித் தரையில் வட்டமாக ஓட்டை. அதில் ஆளுயரத்துக்கு மேல் நீளமான சாக்கு தொங்கும். ஒருவர் அதற்குள் இறங்கி நின்றுகொள்வார். மேலிருந்து மற்றவர் பூவைத் தள்ளத் தள்ள, இவர் சுற்றிச் சுற்றி மிதித்து இறுக்குவார். சாக்கு நிரம்ப நிரம்ப அவரும் மேலே வருவார். தூசியும் பிசினும் தொண்டையை அடைக்கும் அந்த வேலையைப் பின்னாளில் இரும்புப் பிரஸ் எடுத்துக்கொண்டது. இறுக்குவது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. காற்று உள்ளே புகக் கூடாது. இன்றைய வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றிக் கிளிப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

ஏனென்றால் ஹாப்ஸ் மூப்படையும். அதை வாங்கி விற்றவர்களுக்கு இது அத்துப்படி. லண்டன் சதக் பகுதியில் 1867இல் திறந்த ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், வானத்து வெளிச்சம் நேராக விழும்படி கண்ணாடிக் கூரை வைத்துக் கட்டினார்கள். சரக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டுமே! மூட்டையின் பக்கவாட்டில் கத்தி போட்டுச் செங்கல் வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, காகிதம் சுற்றி மாதிரியாக வைப்பார்கள். வாங்க வருபவர் அதில் ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்தித் தேய்ப்பார்; கைகளைக் குவித்து மூக்கில் வைத்து இழுப்பார். பேரம் அதன் பிறகுதான். போன வருடச் சரக்கு என்றால் விலை இறங்கும். அதற்கும் முந்தியது என்றால் இன்னும் இறங்கும். ஆனால் ஹாப்ஸ் விளைச்சல் நம்ப முடியாதது. அசுவினிப் பூச்சியோ பூஞ்சையோ தாக்கினால் ஒரே பருவத்தில் தோட்டமெல்லாம் காலி. அப்படிப்பட்ட ஆண்டில், கிடங்கு மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்த பழைய மூட்டைக்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும்.

அரசாங்கமும் இந்தக் கசப்பில் பங்கு கேட்டது. 1710ஆம் ஆண்டுச் சட்டம் ஹாப்ஸ் மீது ராத்தலுக்கு 1 பென்னி வரி போட்டு, ஹாப்ஸுக்குப் பதிலாக வேறு கசப்புப் பொருளைப் போடுவதைத் தடையும் செய்தது. 1862இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்ததும் தடையும் போனது. ஹாப்ஸ் விலை ஏறியபோதெல்லாம் குவாசியா மரச் சீவலும், இந்தியாவிலிருந்து கப்பலேறிய சிரட்டா என்ற இமயமலைக் கசப்புச் செடியும் சில பிரிட்டிஷ் பீர் கொப்பரைகளுக்குள் போயின. நம் நாட்டில் காய்ச்சல் கஷாயத்துக்குப் போட்ட சரக்கை அங்கே பீரென்று குடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு விலையும் வரியும் கொடுத்து வாங்கிய பொருளை ஒரே கொதியோடு தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? பண்ணை வீட்டிலும் பிரபு மாளிகையிலும் பீர் காய்ச்சிய காலத்தில், ஒரே மால்ட்டை இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றி வடிப்பது வழக்கம். முதல் சாற்றில் கெட்டியான பீர். கடைசிச் சாற்றில் வேலையாட்களும் பிள்ளைகளும் குடிக்கும் இளம் பீர். ஹாப்ஸுக்கும் அதே கதிதான். முதல் சாற்றோடு கொதித்த பூவை வடிகட்டி எடுத்து, அடுத்த சாற்றிலும் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். கொஞ்சம் கசப்பு இன்னும் பாக்கி இருக்கும் என்பது அனுபவக் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான் என்று பின்னால் வேதியியலும் சொன்னது: ஒரு மணி நேரம் கொதித்தாலும் பூவிலுள்ள ஆல்ஃபா அமிலத்தில் பெரும்பகுதி பீருக்குள் வந்து சேர்வதில்லை.

வாசனைக்காக ஹாப்ஸ் போடும் பழக்கம் பெரிதாக வளர்ந்ததில் இந்தியாவுக்கும், குறிப்பாகச் சென்னைக்கும், பங்குண்டு. லண்டன் கிழக்கில் போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஸன் 1752இல் தொடங்கிய ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கிளம்பும் பிளாக்வால் துறைக்குப் பக்கம். கப்பல் தலைவர்களுக்கு அவர் தாராளமாகக் கடன் கொடுத்தார். பீர் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் பம்பாய்க்கும் போனது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டும் பல மாதப் பயணம். சூட்டில் கெடாமலிருக்கக் கொதியில் கூடுதல் ஹாப்ஸ் போட்டார்கள். பீப்பாயை மூடுமுன் கொதிக்காத உலர் பூவையும் ஒரு பிடி உள்ளே தள்ளினார்கள். மதராசில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகளில் சரக்கை ஏற்றி, அலையில் தத்தளித்துக் கரை சேர்ப்பார்கள். அப்படி இறங்கிய பீப்பாய்க்குள் பல மாதமாக ஊறிய ஹாப்ஸ் மிதந்துகொண்டிருக்கும்.

1820களில் ஹாட்ஸன் குடும்பம் கம்பெனி வட்டாரத்தைப் பகைத்துக்கொண்டது. கம்பெனி இயக்குநர் கேம்பல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் ஊர் பீர் முதலாளி சாமுவேல் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இதேபோலக் காய்ச்ச முடியுமா என்று கேட்டார். ஆல்சாப்பின் ஆள் ஜாப் குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டிக்குள் காய்ச்சிப் பார்த்தார் என்பது பர்ட்டனில் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எவ்வளவு உண்மையோ, இந்தியா பேல் ஏல் என்ற பெரும் வியாபாரத்தின் தொடக்கத்தில் சமையலறைப் பாத்திரம் ஒன்றை வைத்துப் பார்ப்பதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை.

பீப்பாயில் போட்ட அந்தக் கொதிக்காத பூ ஒரு விந்தையும் செய்தது. அடங்கிவிட்ட பீர் மறுபடி நொதிக்கத் தொடங்கும். 1893இல் ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மோரிஸ் என்ற இரு வேதியியலாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஹாப்ஸிலேயே இருக்கிறது. அந்த ஆய்வை உலகம் மறந்தே போனது. நூறு ஆண்டுக்குப் பிறகு, பொட்டலம் பொட்டலமாக ஹாப்ஸ் கொட்டும் புதுக்காலச் சிற்றாலைகளில் கேன்கள் உப்பத் தொடங்கியபோதுதான் தூசி தட்டி எடுத்துப் படித்தார்கள். மீந்ததையெல்லாம் வாளியில் கொட்டிவிட்டு அவசரமாகப் புட்டியில் அடைக்கும் வீட்டுக்காரரும் இந்தப் பாடத்தைப் படிப்பது நல்லது. புட்டி வெடிக்கும்.

இனி டப்பாவுக்கு வருவோம்.

1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, பீரின் மீதே வரி போட்டார். கூடவே, வீட்டில் காய்ச்சுபவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த வீட்டுப் பீர் இதோடு படுத்துவிட்டது. அதே காலத்தில் மால்ட் பாகு வேறு வேடத்தில் பிழைத்தது. ரொட்டிக் கடைக்காரர்கள் வாங்கினார்கள். மருந்துக் கடைகள் அதை மீனெண்ணெயோடு கலந்து பிள்ளைகளுக்குச் சத்து டானிக்காக விற்றன. 1928இல் வந்த ‘வின்னி த பூ’ கதைகளின் இரண்டாம் புத்தகத்தில், டிக்கர் என்ற புலிக்குட்டி எதையெதையோ தின்று பார்த்துக் கடைசியில் பிடித்துப்போவது இந்த மால்ட் பாகைத்தான். ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த மணம் தெரியும்.

பாகில் ஹாப்ஸைக் கலந்து டப்பாவில் அடைத்து விற்கும் யோசனையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது அமெரிக்க மதுவிலக்கு. 1920 ஜனவரியில் தடை வந்தது. பழச்சாறும் ஆப்பிள் சாறும் வீட்டில் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது, பீருக்கு இல்லை. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், ஆன்ஹைசர்-புஷ் போன்ற பெரிய ஆலைகள் மால்ட் பாகுக்கு மாறின. இல்லினாய் மாநிலத்து பியோரியா ஊரில் பிரீமியர் மால்ட் புராடக்ட்ஸ் கம்பெனி அடைத்த ‘புளூ ரிப்பன்’ டப்பா நாடெங்கும் ஓடியது. மளிகைக் கடை அலமாரியில் ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் என்று சொல்லி அடுக்கியிருந்த டப்பாவின் மேல், ‘ஹாப்ஸ் சுவையூட்டியது’ என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது. பிஸ்கட் மாவில் யார் ஹாப்ஸ் போடுவார்கள்? கேட்க வேண்டியவர்கள் பெரும்பாலும் கேட்கவில்லை. வீட்டுக் குளியலறையில் மண்ஜாடி வைத்து, பாகும் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் கலந்து செய்த அந்தப் பீர் சுமார் ரகம்தான். ஆனால் வெட்டவெளிச்சமாக விற்கக்கூடிய ஒரே டப்பாவுக்குள் பீரின் கசப்பு முழுவதையும் அடைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

1933 டிசம்பரில் தடை நீங்கியது. வீட்டு ஒயினுக்கு அனுமதி கிடைத்தது. வீட்டுப் பீர் விடுபட்டுப் போனது. அந்த விடுபடல் 45 ஆண்டு நீடித்தது.

பிரிட்டனில் முடிச்சு முன்னதாகவே அவிழ்ந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார். விற்காதவரை யாரும் காய்ச்சலாம். பிள்ளைகளுக்கு டானிக் விற்ற பூட்ஸ் மருந்துக் கடைகளே பின்னால் பீர் டப்பாவும் விற்றன. எஸ்ஸெக்ஸில் எட்மி, சஃபக்கில் மன்டன்ஸ் என்று மால்ட் ஆலைகள் டப்பாக்களை அனுப்பின. 1970களில் விலைவாசி ஏற ஏற, மதுக்கடையில் ஒரு பைன்ட்டுக்குக் கொடுக்கும் காசில் வீட்டில் பல பைன்ட் கிடைக்கும் என்பதே பெரிய விளம்பரம். சுவையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பேசும்படியும் இல்லை.

பேசிய ஒருவர் டேவ் லைன். 1974இல் வந்த அவருடைய ‘பிக் புக் ஆஃப் புரூயிங்’, டப்பாவை விட்டு மால்ட்டையும் ஹாப்ஸையும் நேராகக் கையாளச் சொல்லிக்கொடுத்தது. படித்தவர்கள் கடைக்குப் போய் ஹாப்ஸ் கேட்டார்கள். கிடைத்ததோ காகித உறையிலும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலும் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறிய பூ. அறுவடையான நல்ல சரக்கு முழுவதும் ஒப்பந்தத்தில் பெரிய ஆலைகளுக்குப் போய்விடும். வீட்டுக்காரருக்கு வந்தது, பெரும்பாலும், யாருக்கும் வேண்டாத மிச்சம்.

கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1976இல் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் அங்கே வீட்டுப் பீர் சாமான் கடை திறந்தார். அமெரிக்கச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவது அப்போதும் குற்றம். சாமான் விற்பது குற்றமல்ல. நல்ல ஹாப்ஸ் அவருக்கும் கிடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்குக்குப் போனார். அமெரிக்க ஹாப்ஸின் பெரும்பகுதி விளைவது அங்கேதான். சில்லறை வியாபாரிக்கு மூட்டை திறக்கும் வழக்கம் தரகர்களிடம் இல்லை. ஆனால் அவர்களிடம் வேறொன்று கிடந்தது. சதக் சந்தையில் செய்ததுபோலவே, ஆலைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் செங்கல்லாக வெட்டிக் காகிதம் சுற்றிய மாதிரிகள். முகர்ந்து பார்த்த பிறகு அவற்றுக்கு வேலையில்லை. அந்த மாதிரித் துண்டுகளைக் கிராஸ்மன் வாங்கிவந்தார். பெரிய ஆலைகள் தேர்ந்தெடுக்கும் அதே தரமான, அந்தப் பருவத்துப் பூ, சிகோவின் சமையலறைகளுக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் யாக்கிமாவிலும் ஆரிகனிலும் கேஸ்கேட் என்ற புது வகை வளர்ந்துகொண்டிருந்தது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமெரிக்க வேளாண் துறை 1972இல் வெளியிட்ட கொடி அது. கிரேப்ஃப்ரூட் பழத் தோலும் பூவும் கலந்த வாசனை. ஐரோப்பிய நளினத்துக்குப் பழகிய ஆலைகள் இதை எங்கே போடுவது என்று விழித்தன. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் லிபர்ட்டி ஏல் என்ற பீரில் துணிந்து போட்டது. கிராஸ்மன் கடையிலிருந்து ஆலைக்கு உயர்ந்து, 1980இல் சியரா நெவாடா பேல் ஏலைக் காய்ச்சியபோது, அதன் முகவரியே கேஸ்கேட் வாசனைதான். இன்று உலகம் ‘கிராஃப்ட் பீர்’ என்று கொண்டாடுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். தரகரின் மேசையில் வேலை முடிந்து கிடந்த மாதிரித் துண்டுகளுக்கும் அந்தப் பட்டியலில் ஓரிடம் கொடுக்க வேண்டும். இதற்கிடையே, 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பீரை அனுமதித்தது: ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் உள்ள வீட்டுக்கு 200. ஆனாலும் மாநிலங்கள் தங்கள் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இறங்கிவந்தன. தமிழ்நாட்டில் இந்தக் கதவு திறக்கவே இல்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் வீட்டில் மது காய்ச்சுவது இங்கே குற்றம்.

இத்தனைக்கும் டப்பா எங்கும் போய்விடவில்லை. ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்ததும், 1862 முதல் பீர் காய்ச்சிவரும் கூப்பர்ஸ் குடும்பமே டப்பா வியாபாரத்தில் இறங்கி உலகச் சந்தையைப் பிடித்தது. டப்பாவின் வசதி அசல். அதன் குறையும் அசல்: வாசனை இல்லை. ஆலையில் மால்ட் சாற்றைப் பாகாக்க நீரையெல்லாம் ஆவியாக்கியாக வேண்டும். கசப்பு உட்கார்ந்திருக்கும், வாசனை எண்ணெய்கள் நீராவியோடு போய்விடும். நுரை கூடியதும் ரசத்தை இறக்காமல் தளதளவென்று கொதிக்கவிட்டவர்களுக்கு இந்த இழப்பு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கடைசியில் கொஞ்சம் புது ஹாப்ஸ் சேர்த்தால் தீரும் குறை இது என்று டப்பாக்காரர்களுக்கும் தெரிந்தது. தேயிலைப் பையின் வடிவில் 12 கிராம் ஹாப்ஸ் அடைத்த சிறு உறைகள் கடைக்கு வந்தன. வெளியே தள்ளிய பூவை வாசல் வழியாகவே திரும்ப அழைத்தாயிற்று. அங்கிருந்து 100 கிராம் பொட்டலத்துக்கு அதிக தூரமில்லை. பொட்டலம் வந்தால் மிச்சமும் வந்துவிடும்.

மிச்சத்தை என்ன செய்வது என்பதில் இன்றைய வீட்டுக்காரர்கள் தேர்ந்துவிட்டார்கள். கொதிக்கக் கொதிக்கப் போட மாட்டார்கள். கசப்பு டப்பாவில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வழி: 80 டிகிரி வாக்கில் சுட்ட நீரில் 20 கிராமைக் கால்மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டிய டிகாக்‌ஷனை வாளியில் ஊற்றுவது. இன்னொரு வழி மதராஸ் பீப்பாயின் வழி: நொதித்தல் அடங்கியதும் துணிப்பையில் கட்டி 25 அல்லது 30 கிராமை மூன்று நான்கு நாள் ஊறவிடுவது. வகைக்குக் கொஞ்சமாக மீந்த நாலைந்து பொட்டலங்களை ஒன்றாகக் கொட்டி ஒரு வாளி காய்ச்சுபவர்களும் உண்டு. அதே பீரை மறுமுறை காய்ச்ச அவர்களாலேயே முடியாது. அது ஒரு குறையென்று அவர்கள் நினைப்பதுமில்லை.

இப்போது ஹாப்ஸ் முழுப் பூவாக வருவது குறைவு. அரைத்து, அழுத்தி, மாட்டுத்தீவனக் குச்சி வடிவில் வரும் டி-90 மணிகளே அதிகம். நூறு கிலோ பூவிலிருந்து சுமார் 90 கிலோ கிடைப்பதால் அந்தப் பெயர். காற்று பிடுங்கிய உறையில் இருக்கும்வரை நிம்மதி. பிரித்த மறுகணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். கேஸ்கேட் வகை, அறை வெப்பத்தில் ஆறே மாதத்தில் கசப்புச் சத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். வாசனை அதற்கு முன்பே தேய்ந்திருக்கும். நாளாக ஆக, பழைய பாலாடைக்கட்டியின் வீச்சம் கிளம்பும். ஃப்ரீசரில் அந்த ஓட்டம் மிகவும் மெதுவாகும்.

அந்த வீச்சத்துக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றி லாம்பிக் பீர் காய்ச்சுபவர்கள், 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலை உட்பட, வேண்டுமென்றே இரண்டு மூன்று ஆண்டுப் பழைய ஹாப்ஸைத்தான் போடுகிறார்கள். அவர்கள் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள கிருமிகளே நொதிக்க வைக்க வேண்டும். கெட்ட கிருமியை அடக்க ஹாப்ஸ் வேண்டும். ஆனால் கசப்போ வாசனையோ கூடாது. மூப்படைந்த பூவில் அந்தக் காவல் குணம் ஓரளவு நிற்கிறது, கசப்பு தணிந்திருக்கிறது, பாலாடை வீச்சம் நீண்ட கொதியிலும் வருடக்கணக்கான பீப்பாய் வாசத்திலும் கரைந்துவிடுகிறது. லண்டன் சந்தை விலை குறைத்து ஒதுக்கிய சரக்கை, பிரஸ்ஸல்ஸ் காத்திருந்து போடுகிறது.

கொதித்து முடிந்த சக்கைக்கும் ஒரு காலத்தில் சந்தை இருந்தது. ஆலைகளிலிருந்து வண்டி வண்டியாகப் பண்ணைகளுக்கு உரமாகப் போனது. 20ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் உரம் என்று மூட்டை கட்டித் தோட்டக்காரர்களுக்கும் விற்றார்கள். வீட்டில் காய்ச்சுபவர்களும் துணிப்பையை உதறிச் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில்தான் கொட்டுகிறார்கள். அதில் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. நாய்களுக்கு ஹாப்ஸ் விஷம். புதிதானாலும் கொதித்ததானாலும், தின்ற நாயின் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மால்ட்டின் இனிப்பு ஒட்டியிருக்கும் சக்கையை நாய் விரும்பியே தின்னும். நாய் வளர்ப்பவர்கள் அதை மூடியுள்ள தொட்டியில் போடுகிறார்கள்.